வேலியில போன ஓணானுக்கு வேலி கட்டின கதை

"வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டு, அப்புறம் குத்துதே குடையுதேன்னானாம்."

எங்க அப்பத்தாவுக்கு ரொம்பப் பிடிச்ச பழமொழி இது. தேவையில்லாத வம்பை இழுத்துக்கிட்டு வந்து நிப்பேன் பாருங்க, அப்பல்லாம் இதைத்தான் சொல்லும். முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு, கடல் தாண்டி வந்து, இங்கிலாந்துல நிஜமாவே ஓணானை மடியில கட்டிக்கிட்டேன். அதுவும் ஒண்ணு இல்லீங்க, ஏழு! தங்கமணி எங்க அப்பத்தாவைப் பார்த்ததே இல்லை. ஆனா விஷயத்தைக் கேட்டதும் அதே பழமொழியை அட்சரம் பிசகாம சொன்னாங்க. அவ்வ்வ்...

விஷயம் இதுதான். எங்க பக்கத்து வீட்டுல ஒரு பெரியவர், வெள்ளைக்காரர், வயசு 84. தோட்டத்துக் கோடியில செங்கல்லுல ஒரு தொட்டி மாதிரி கட்டி வெச்சிருந்தார். நாங்க குடிவந்த புதுசுல அது ஏதோ பழைய மீன் தொட்டின்னுதான் நினைச்சேன். ஒருநாள் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே கல்லு, மணல், கட்டை, லாவண்டர் செடி. கல்லு மேல ஓணான்கள் வயித்தைப் பரப்பி வெயில் காய்ஞ்சுக்கிட்டு இருந்தது. முப்பது வருஷமா வளர்க்கிறாராம். இப்ப இருக்கிறது எல்லாம் அந்தத் தொட்டிக்குள்ளேயே பிறந்து வளர்ந்த வாரிசுகள்.

போன வருஷம் வசந்த காலத்துல பெரியவர் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு போச்சு. மகள் இருக்கிற ஊர்ல முதியோர் இல்லத்துல இடம் பார்த்தாச்சு, ஜூலையில கிளம்பணும். ஓணான்களை என்ன பண்றது? யாரும் எடுத்துக்கத் தயாரா இல்லை. ஒரு சாயங்காலம் தொட்டிச் சுவரைத் தடவிக்கிட்டே சொன்னார்: "உள்ளேயிருந்து சுவர் மேல ஒரு பலகையைச் சாய்ச்சு வெச்சா போதும். ராத்திரிக்குள்ள எல்லாம் வெளிய போயிடும். பின்னாடி ரயில் பாதை, நல்லா கல்லும் வெயிலும் இருக்கு. பிழைச்சுக்கும்."

சொல்லிட்டு என் முகத்தைப் பார்த்தார். அது சரியா தப்பான்னு எனக்கு அன்னைக்குத் தெரியலை. "ரெண்டு நாள் குடுங்க"ன்னு சொல்லிட்டு வந்து படிக்க ஆரம்பிச்சேன். அப்படிப் படிச்சதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்தருள்க.

*

முதல்ல ஒரு மொழிப் பிரச்சினை. இங்கிலீஷ்காரன் எல்லாத்துக்கும் சேர்த்து லிசார்ட்னு ஒரே சொல்லை வெச்சிருக்கான். நமக்குப் பல்லி வேற, ஓணான் வேற, அரணை வேற, உடும்பு வேற, பச்சோந்தி வேற. எல்லாத்தையும் கூட வாழ்ந்து பார்த்த ஊரு இல்லையா! பெரியவர் வளர்த்தது வால் லிசார்ட். வால்னா நம்ம வாலு இல்லீங்க, சுவர். தென் ஐரோப்பாவுல சுவர் இடுக்குலயும் பாறை இடுக்குலயும் திரியுற சின்ன உருப்படி, வாலோட சேர்த்து ஒரு சாண் கூட வராது. சுவர்ப்பல்லின்னு எழுதினா நம்ம வீட்டு டியூப்லைட் பக்கத்துல உட்கார்ந்து சகுனம் சொல்ற ஆளுன்னு நினைச்சுடுவீங்க. அதனால இந்தப் பதிவுல அதுக்குப் பேரு சுவர் ஓணான். விலங்கியல் படிச்சவங்க ஆட்டோ அனுப்ப வேண்டாம்.

வெயிலே உயிரா இருக்கிற பிராணியை, வெயிலே அபூர்வமா இருக்கிற ஊர்ல எப்படி வளர்க்கிறது? இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் கிடைக்க சுமார் 160 வருஷம் ஆகியிருக்கு. வேடிக்கை என்னன்னா, முதல்ல கண்ணுல பட்ட பதில்தான் கடைசியில சரின்னு ஆச்சு. நடுவுல எல்லாரும் சுத்திச் சுத்தி வந்தாங்க.

கதை ஓணான்ல தொடங்கலை, ஆமையில தொடங்குது. 18-ஆம் நூற்றாண்டுல ஹாம்ப்ஷயரில் செல்போர்ன்னு ஒரு கிராமம். அங்கே கில்பர்ட் ஒயிட்னு ஒரு பாதிரியார். ஊரைச் சுத்தி இருக்கிற குருவி, புழு, செடி எல்லாத்தையும் உட்கார்ந்து கவனிச்சு எழுதுறதே வேலை. 1789-ல் அவர் எழுதின 'செல்போர்னின் இயற்கை வரலாறு' வந்தது. இன்னைக்கு இருந்திருந்தா நம்மள மாதிரி தினம் ஒரு பதிவு போட்டிருப்பார். அவரோட அத்தை ரிங்மர்ங்கிற ஊர்ல திமோத்தின்னு ஒரு ஆமை வளர்த்தாங்க. அத்தை 1780-ல் இறந்ததும் ஆமை ஒயிட் கைக்கு வந்தது. (திமோத்தி ஆண் இல்லை, பெண்ணுன்னு ரொம்பக் காலம் கழிச்சுத்தான் தெரிஞ்சது. ஓடு இப்பவும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துல பத்திரமா இருக்கு.)

இலையுதிர் காலத்துல வெயில் குறைய ஆரம்பிச்சதும் திமோத்தி ஒரு வேலை பண்ணியிருக்கு. தோட்டத்துல பழமரம் படர விட்டிருக்கிற சுவர் ஓரமாப் போய், ஓட்டைச் சுவர்ல சாய்ச்சு, சூரியனுக்கு நேரா சரிச்சு வெச்சுக்குமாம். சாய்வா வர்ற வெயிலை நேராப் பிடிக்கிற வித்தை! இதைக் கவனிச்சு ஒயிட் எழுதி வெச்சிருக்கார்.

அந்தச் சுவரைப் பத்தி ரெண்டு வரி சொல்லணும். குளிர் நாட்டுல பீச், ஏப்ரிகாட் மாதிரி பழங்கள் சாதாரணமாப் பழுக்காது. அதனால தெற்குப் பார்த்து உயரமா செங்கல் சுவர் எழுப்பி, மரத்தை அதுமேல படர விடுவாங்க. பகல் பூரா சுவர் சூட்டை வாங்கி வெச்சுக்கிட்டு, சாயங்காலம் மெதுவா விடும். காத்தையும் தடுக்கும். சில பண்ணையார் வீடுகள்ல சுவருக்குள்ளேயே புகைபோக்கி விட்டு அடுப்பெரிச்சுச் சூடேத்தி இருக்காங்க. மனுஷன் பழத்துக்காகக் கட்டினான். ஆமை தனக்காகக் கட்டினதுன்னு எடுத்துக்கிச்சு. எங்க பெரியவர் தொட்டியோட பின்சுவர் இதே சங்கதிதான்: தெற்குப் பார்த்த செங்கல்.

*

ஆனா ஆமை காட்டின வழியில யாரும் போகலை. ஏன்னா நடுவுல கண்ணாடி வந்துடுச்சு.

1829 வாக்குல நதானியல் வார்டுன்னு ஒரு லண்டன் டாக்டர், ஒரு பூச்சிக்கூட்டைக் கண்ணாடிப் புட்டிக்குள்ள ஈர மண்ணோட மூடி வெச்சார். உள்ளே சின்னதா பெரணிச் செடி முளைச்சது. லண்டன் கரிப்புகையில தோட்டத்துல வராத செடி, மூடின புட்டிக்குள்ள சுகமா வளருது! இதுல இருந்து பிறந்ததுதான் வார்டியன் பெட்டி. செடிகள் கப்பலேறி உலகம் சுத்தினது இந்தப் பெட்டியிலதான். அப்பல்லாம் இங்கிலாந்துல கண்ணாடிக்கு வரி உண்டு. 1845-ல் அந்த வரியை எடுத்தாங்க. கண்ணாடி மலிஞ்சதும் வரவேற்பறைக்கு வரவேற்பறை கண்ணாடிப் பெட்டி. முதல்ல பெரணி, அப்புறம் மீன், அப்புறம் தவளை, ஓணான்.

1849-ல் லண்டன் மிருகக்காட்சிசாலையில ஊர்வனவற்றுக்குன்னே தனிக் கட்டடம் திறந்தாங்க. பொதுமக்கள் பார்க்கிற மாதிரி உலகத்துலேயே முதல் ஊர்வன இல்லம் அதுதான். ஜெர்மனியில யோஹான் ஃபான் ஃபிஷர் 1884-ல் 'டாஸ் டெரேரியம்'னு ஒரு தடிமனான புத்தகம் போட்டார். இங்கே கிரிகரி பேட்மேன் 1897-ல் 'தி விவேரியம்' எழுதினார். பெட்டி எப்படிச் செய்யறது, எப்படிச் சூடேத்தறதுன்னு வீட்டுல வளர்க்கிறவங்களுக்கான வழிகாட்டிகள்.

இந்தக் காலத்துல எல்லார் மனசுலயும் இருந்த சூத்திரம் ரொம்ப எளிமை. ஓணான் வெப்ப நாட்டுப் பிராணி. அதனால வெதுவெதுப்பா வெச்சா போதும். பெட்டியை மூடு, அடியில சூடு குடு.

நான் செஞ்ச முதல் பெட்டியும் இந்தச் சூத்திரம்தான், அதான் வெட்கக்கேடு. பழைய ஜன்னல் ரெண்டை மூடியா வெச்சு ஒரு பெட்டி செஞ்சு, தோட்டத்துல வெயில் விழற இடமாப் பார்த்து வெச்சேன். நல்லவேளை, பெரியவர் "ஓணானை விடறதுக்கு முன்னாடி ஒரு தெர்மாமீட்டரை விடு"ன்னு சொல்லியிருந்தார். ஏப்ரல் மாசம், வெளியே 14 டிகிரி, நானே ஸ்வெட்டர் போட்டிருக்கேன். மதியம் ஒரு மணிக்குப் பெட்டிக்குள்ள பார்த்தா 52! உள்ளே உயிர் இருந்திருந்தா கருவாடு. சாயங்காலம் ஏழு மணிக்கு அதே பெட்டி 12. கண்ணாடி வெயிலை உள்ளே விடும், சூட்டை வெளியே விடாதுன்னு எட்டாங் கிளாஸ்ல மார்க் வாங்கினவன் நான். மார்க் வாங்கினதோட சரி.

*

கண்ணாடியில இன்னொரு சிக்கல் இருந்தது. அது கண்ணுக்குத் தெரியாது.

வெதுவெதுப்பா, வயிறார சாப்பிட்டுக்கிட்டு இருந்தாலும் கண்ணாடிக்குள்ள வளர்ற ஓணான்களுக்கு எலும்பு மெலிஞ்சு வளையும், தாடை கொழகொழன்னு ஆகும், காலு நடுங்கும். மனுஷக் குழந்தைகளுக்கும் இதே கதைதான். புகை மூடின ஐரோப்பிய நகரங்கள்ல கால் வளைஞ்ச குழந்தைகள் ஏராளம், ரிக்கெட்ஸ். 1919-ல் பெர்லினில் கர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கிங்கிற டாக்டர், பாதரச விளக்கோட புறஊதாக் கதிரைக் குழந்தைகள் மேல விழ வெச்சு இந்த நோயைக் குணப்படுத்திக் காட்டினார். புறஊதா தோல்ல பட்டாத்தான் உடம்புல வைட்டமின் டி உண்டாகும், அது இருந்தாத்தான் சாப்பாட்டுல இருக்கிற கால்சியம் எலும்புக்குப் போகும். சாதாரண ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், சூட்டை விடும், ஆனா இந்த வேலைக்கு வேண்டிய கதிரை மட்டும் வாசல்லயே நிறுத்திடும்.

இங்கே இருக்கிற நம்ம ஊர்க்காரங்களுக்கு டாக்டர் வைட்டமின் டி மாத்திரை எழுதுறது இதுக்குத்தான். அக்டோபர்ல இருந்து மார்ச் தொடக்கம் வரைக்கும் இந்த ஊர் வெயில்ல அதுக்கான சத்து கிடையாது. நம்ம தோல் நிறத்துக்கு இன்னும் கஷ்டம். ஆக எங்க வீட்டுல நானும் ஓணானும் ஒரே கட்சி.

இந்த இடத்துலதான் என்னோட நாயகி வர்றாங்க. ஜோன் பீச்சம் புரோக்டர், 1897-ல் பிறந்தவங்க. சின்ன வயசுல பொம்மைக்குப் பதிலா ஓணான். டால்மேஷியாவுல இருந்து வந்த சுவர் ஓணான் ஒண்ணு செல்லப்பிள்ளை. சாப்பாட்டு மேசையில தட்டுப் பக்கத்துலயே உட்கார்ந்திருக்குமாம். பள்ளிக்கூடத்துக்குக் குட்டி முதலையைத் தூக்கிக்கிட்டுப் போனவங்க! உடம்பு எப்பவும் சுகமில்லை, அதனாலேயே கேம்பிரிட்ஜ் போக முடியலை. ஆனா 1923-ல் லண்டன் மிருகக்காட்சிசாலையில ஊர்வனப் பிரிவோட பொறுப்பாளர் ஆனாங்க. பொண்ணுங்க அந்த மாதிரி நாற்காலியில உட்கார்றதே அபூர்வமான காலம்.

அவங்க திட்டத்துல எழும்பின புது ஊர்வன இல்லம் 1927-ல் திறந்தது. ஒரே கட்டடத்துக்குள்ள வெவ்வேற இடத்துக்கு வெவ்வேற சூடு, மின்சாரத்துல. கூண்டுக்குள்ளேயே ஒரு பக்கம் வெயில் மாதிரி விளக்கு. எல்லாத்துக்கும் மேல, புறஊதாவைத் தடுக்காத சிறப்புக் கண்ணாடி. பார்க்கிறவங்க நிக்கிற இடம் இருட்டு, பிராணி இருக்கிற இடம் வெளிச்சம். அந்த வீட்டுக்கு வந்த கொமோடோ உடும்புகள்ல சும்பாவான்னு ஒண்ணு, புரோக்டர் பின்னாடியே நாய்க்குட்டி மாதிரி நடக்கும். 1928-ல் விலங்கியல் சங்கக் கூட்டத்துல அதைப் பக்கத்துல வெச்சுக்கிட்டே கட்டுரை படிச்சாங்க. 1931-ல் 34 வயசுல போய்ச் சேர்ந்துட்டாங்க. இன்னும் முப்பது வருஷம் இருந்திருந்தா என்னென்ன பண்ணியிருப்பாங்களோ.

*

சூடு தெரிஞ்சாச்சு, வெளிச்சம் தெரிஞ்சாச்சு. மூணாவது சங்கதி கிடைச்சது குளிர் நாட்டுல இல்லை, பாலைவனத்துல.

தெற்குக் கலிபோர்னியா பாலைவனத்துல ரேமண்ட் கோல்ஸ், சார்ல்ஸ் போகர்ட்னு ரெண்டு பேர் திறந்தவெளியில கூண்டுகள் வெச்சு ஓணான், பாம்புகளோட உடம்புச் சூட்டை அளந்துக்கிட்டு இருந்தாங்க. 1944-ல் முடிவை வெளியிட்டாங்க. ஊர்வன எல்லாம் குளிர் ரத்தப் பிராணி, சுத்தி இருக்கிற சூடுதான் அதோட சூடுன்னு அதுவரைக்கும் நினைச்சுக்கிட்டு இருந்தாங்க இல்லையா, அது தப்பு. ஓணான் வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறி ஓடி, தன் உடம்புச் சூட்டைத் தனக்குப் பிடிச்ச ஒரு குறுகின அளவுக்குள்ளேயே வெச்சுக்குது. பாலைவனத்து ஓணானையே வெயில்ல கட்டிப் போட்டா சில நிமிஷத்துல செத்துப்போகும். நிழலுக்குப் போகக் கால் இருக்கிற வரைக்கும்தான் அதுக்கு வெயில் நல்லது.

பத்து வருஷம் கழிச்சு, 1954-ல், ஆலிவர் பியர்சன் பெரு நாட்டு ஆண்டிஸ் மலையில இதோட மறுபக்கத்தைக் காட்டினார். 4000 மீட்டருக்கு மேல, காத்து கிட்டத்தட்ட உறைநிலை. அங்கே இருக்கிற ஓணான் வெயில் காய்ஞ்சே உடம்பை 30 டிகிரி பக்கத்துல கொண்டு போயிடுது. காத்து குளிரா இருந்தா என்ன, வெயில் இருக்கு, சூடான தரை இருக்கு, போதும்! இங்கிலாந்துலயே ஒரு ஓணான் இருக்கு. முட்டையை மண்ணுல போட்டா குளிர்ல பொரியாதுன்னு, வயித்துக்குள்ளேயே வெச்சு வெயில் காட்டிக் குட்டியாப் போடும். ஆர்க்டிக் வட்டத்துக்கு மேல கூட அது வாழுது. நிறைமாசக்காரி நடமாடும் அடைகாப்பான்!

இப்ப திமோத்தி ஆமையை ஞாபகப்படுத்திக்கோங்க. சுவர்ல சாய்ஞ்சு நின்னதே, அது பண்ணினது இதைத்தான். பிராணிக்கு வேண்டியது ஒரே சீரான சூடு இல்லை. சூடான இடம், குளிர்ந்த இடம், வெயில், நிழல், பொந்து, இதுல எதுக்கு எப்பப் போகணும்னு அதுவே முடிவு பண்ற வசதி. நாம கண்ணாடிப் பெட்டியில முதல்ல பிடுங்கினது அந்த வசதியைத்தான்.

*

இது புரிஞ்சப்புறம் பெரியவரோட தொட்டியைப் பார்த்தா ஒவ்வொரு செங்கல்லுக்கும் அர்த்தம் தெரிய ஆரம்பிச்சது. ஜெர்மன்காரங்க இதுக்கு ஃப்ரைலாண்ட் டெரேரியம்னு பேர் வெச்சிருக்காங்க, அதாவது திறந்தவெளி வளர்ப்பிடம். அவர் ஒரு மடக்கு நாற்காலியில உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நான் எங்க தோட்டத்துல ரெண்டாவது தடவை, இந்த முறை ஒழுங்கா, கட்டினேன்.

நீளம் 3 மீட்டர், அகலம் ஒன்றரை. தெற்குப் பார்த்து, பகல்ல எந்த மர நிழலும் விழாத இடம். சுவரை 40 சென்டிமீட்டர் தரைக்குள்ள இறக்கியாச்சு, எலி தோண்டி வரக்கூடாது. தரைக்கு மேல ஒரு மீட்டர். உள்பக்கம் வழவழன்னு இருக்கணும், ஏன்னா சுவர் ஓணான் சொரசொரப்பான செங்கல்ல ஏணி மாதிரி ஏறும். பெரியவர் பழைய பாத்ரூம் டைல்ஸ் ஒட்டியிருந்தார், நானும் அதையே பண்ணினேன். மூலையில ரெண்டு பக்கமும் காலை ஊன்றி ஏறிடுமாம், அதனால மேல உள்பக்கமா 20 சென்டிமீட்டருக்கு வழவழப்பான விளிம்பு. மேலே கூரைக்குக் கண்ணாடி கிடையாது, கம்பி வலை. பூனையும் மேக்பை பறவையும் வரக்கூடாது, ஆனா புறஊதா வரணும். ஒரு கால்வாசிக்கு மட்டும் பாலிகார்பனேட் தகடு. அதுவும் புறஊதாவை விடாது, ஆனா மழை நாள்ல காய்ஞ்ச மூலை ஒண்ணு இருக்கணும் இல்லையா.

தரை ஒரு பக்கமாச் சரிவு, அடியில ஜல்லி. இந்த ஊர்ல ஓணானைக் கொல்றது குளிரை விட ஈரம்தான்னு பெரியவர் நூறு தடவை சொல்லியிருப்பார். ஒரு பக்கம் தெற்குப் பார்த்து வெறும் மணல் மேடு, முட்டை வைக்க. நடுவுல கல் குவியல், அடுக்கினதுல இண்டு இடுக்கு நிறைய. அதுக்கு அடியிலதான் முக்கியமான அறை: ஒரு மீட்டர் ஆழக் குழி. உடைஞ்ச செங்கல், கட்டை, சருகு போட்டு நிரப்பி, ரெண்டு களிமண் குழாயை வாசலா விட்டு, மேலே மண் மூடினது. உறைபனி அவ்வளவு ஆழத்துக்கு இறங்காது. அக்டோபர்ல உள்ளே போனா ஓணான் மார்ச்ல வரும். மின்சாரம் கிடையாது, ஹீட்டர் கிடையாது.

"எல்லாத்துக்கும் காரணம் புரியுது, ஆனா சுவர்ல எதுக்கு இவ்வளவு கறார்?"னு கேட்டேன். எலிக்கும் பூனைக்கும் வலை போதுமே. பெரியவர் பதில் சொல்லலை. அவருக்கும் அன்னைக்குப் பலகை ஞாபகம் வந்திருக்கும்.

*

பதில் நான் படிச்சதுல இருந்தது.

1951-ல் அமெரிக்காவுல சின்சினாட்டியில ஒரு பணக்காரக் குடும்பத்துப் பையன், வயசு பத்து, இத்தாலி கார்டா ஏரிக்கு விடுமுறை போயிட்டு வரும்போது பத்துச் சுவர் ஓணானைக் காலுறைக்குள்ள ஒளிச்சு எடுத்துட்டு வந்தான். வீட்டுப் பக்கத்துல விட்டான். அவ்வளவுதான் கதை. இன்னைக்கு அந்த ஊர்ல எந்தக் கல் சுவரைப் பார்த்தாலும் ஓணான். குடும்பப் பெயரை வெச்சே லாசரஸ் ஓணான்னு ஊரே கூப்பிடுது.

கனடாவுல வான்கூவர் தீவுல 1970-ல் ஒரு சின்ன தனியார் மிருகக்காட்சிசாலையில இருந்த சுமார் ஒரு டஜன் சுவர் ஓணான்கள் வெளியே விடப்பட்டன. இப்ப அந்தத் தீவுல லட்சக்கணக்குல இருக்கும்னு மதிப்பிடறாங்க. அந்தத் தீவுக்குன்னு இருந்த ஓணானோட சாப்பாட்டுக்கும் இடத்துக்கும் போட்டி.

இங்கிலாந்துலயும் போர்ட்லேண்ட் கல் குவாரி, வென்ட்னர், போர்ன்மவுத் கடலோரப் பாறைன்னு பல இடத்துல சுவர் ஓணான் குடியேறியாச்சு. 2015-ல் வந்த ஒரு ஆய்வு என்னைத் தூக்கிவாரிப் போட்டது. இங்கே குடியேறின சுவர் ஓணான்கள், தாய்நாட்டுச் சொந்தங்களை விட, வயித்துல கருவை இன்னும் கொஞ்சம் வளர விட்டு அப்புறம் முட்டை போடுது, கருவும் குளிர்ல வேகமா வளருது. சில பத்து வருஷத்துக்குள்ள இந்த ஊருக்கு ஏத்த மாதிரி மாறிக்கிட்டு இருக்கு. "பிழைச்சுக்கும்"னு பெரியவர் சொன்னது உண்மை. பிரச்சினையே அதுதான்.

பிழைச்சா யாருக்கு நஷ்டம்? இந்த மண்ணுக்குன்னு இருக்கிறது மொத்தம் மூணு வகை. கால் இல்லாத ஒண்ணு, குட்டி போடுற ஓணான் ஒண்ணு, மணல் ஓணான் ஒண்ணு. மணல் ஓணான் டார்செட், சர்ரி புதர்க்காடுகள்லயும் லிவர்பூல் பக்கத்து மணல் மேடுகள்லயும் மட்டும் தப்பிப் பிழைச்சது. வேல்ஸ்ல சுத்தமா அழிஞ்சே போச்சு. அதைத் திரும்பக் கொண்டுவந்தது எப்படித் தெரியுமா? பெரியவர் தொட்டி மாதிரியே தொட்டி! மிருகக்காட்சிசாலைகளும் உரிமம் வாங்கின ஆர்வலர்களும் இதே தெற்குப் பார்த்த சுவருக்குள்ள, இதே மணல் மேட்டுல முட்டை வைக்க வெச்சு, குஞ்சுகளைக் கோடை முடியறப்போ புதர்க்காட்டுல விடறாங்க. ஒரே மாதிரி வேலிதான். ஒண்ணுல உள்ளே இருக்கிறதை வெளியே விடறது புண்ணியம், இன்னொண்ணுல குற்றம். குற்றம்னு சும்மா சொல்லலை, 1981 வனவிலங்குச் சட்டப்படி சுவர் ஓணானை இங்கே வெளியே விடறது தண்டனைக்குரியது.

ரெண்டு நாள் கழிச்சுப் போய் இதெல்லாம் சொன்னேன். பெரியவர் கேட்டுட்டு, "எனக்குத் தெரியும்"னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "முப்பது வருஷம் தினமும் விளிம்பைத் தடவிப் பார்த்திருக்கேன். எங்கேயாவது இடைவெளி இருக்கான்னு. அன்னைக்கு மட்டும் அலுத்துப்போச்சு"ன்னார். அப்பத்தான் நான் எடுத்துக்கறேன்னு சொன்னேன். தங்கமணிகிட்ட கேட்காம. (அந்தக் கதை தனிப் பதிவு.)

*

ஜூன் கடைசியில ஏழும் இடம் மாறுச்சு. சின்ன வயசுல ஓணானைக் கண்டா கல்லைத் தேடின கை இது. தென்னை ஈர்க்குல சுருக்குப் போட்டுப் பிடிச்ச பாவமும் கணக்குல இருக்கு. அதே கையில ஒண்ணைப் பொத்திப் பிடிச்சிருந்தப்போ உள்ளங்கையில அதோட இதயம் அடிச்சது தெரிஞ்சது. கொசுவத்தி சுத்தி ஊருக்கே போயிட்டேன்.

ஜூலையில பெரியவர் கிளம்பினார். அக்டோபர்ல ஓணான்கள் ஒண்ணொண்ணா குழாய்க்குள்ள இறங்கிச்சு. டிசம்பர் ஜனவரியில ராத்திரி மைனஸ் ஆறு வரைக்கும் போச்சு. நான் போர்வைக்குள்ள படுத்துக்கிட்டு அந்த ஒரு மீட்டர் குழியைத்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். தோண்டிப் பார்க்கவும் முடியாது. ஹீட்டர் வெச்சிருக்கலாமோ, உள்ளே எடுத்திருக்கலாமோன்னு ஆயிரம் யோசனை. பெரியவர் போன்ல ஒரே வார்த்தைதான்: "தொடாதே."

மார்ச் 4-ஆம் தேதி, நல்ல வெயில். வெளியே 9 டிகிரி. பொண்ணு கத்தினா. கல் மேல ஒண்ணு, ஓரமெல்லாம் மண்ணு, வயித்தைத் தட்டையாப் பரப்பிக்கிட்டு. பழைய வெப்பமானிக் கதை ஞாபகம் வந்து கல்லைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுன்னு இருந்தது. மூணு நாள்ல நாலு. வாரக் கடைசியில ஆறு.

ஞாயித்துக்கிழமை பெரியவர் கூப்பிட்டார். வணக்கம், சௌக்கியம் எதுவும் இல்லை. "எத்தனை?"

"ஆறு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "கிழடு ஒண்ணு எப்பவும் ஏப்ரல்லதான் எழுந்திருக்கும். விளிம்பு எல்லாம் சரியா இருக்கா?"

"காலையிலதான் தடவிப் பார்த்தேன்"னேன்.

இன்னும் ஏழாவது வரலை. பொண்ணு தினமும் ஸ்கூல் விட்டு வந்ததும் நேரா தோட்டத்துக்குத்தான் போறா.

டிஸ்கி 1: இதைப் படிச்சுட்டு யாரும் கடைக்குப் போய் ஓணான் வாங்க வேண்டாம். வாங்கித்தான் ஆகணும்னா, அது உங்களை விட அதிக நாள் இருந்தா யார் பார்த்துக்குவாங்கன்னு யோசிச்சுட்டு வாங்குங்க.

டிஸ்கி 2: தங்கமணி இப்ப வெட்டுக்கிளி பொட்டலத்தை ஃப்ரிட்ஜ் பக்கத்துல வைக்கக்கூடாதுன்னு மட்டும்தான் சொல்றாங்க. முன்னேற்றம்தான்.